கச்சான் காற்றடிக்கும் காலத்தில் நான்கு மணிச் சிற்றுண்டி: நான்கு பிரெஞ்சு வழிகளில் நமக்குப் பொருந்துவது எது?

பிரான்சில் வாழும் நம் உறவினர்கள் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வந்திறங்குவது பெரும்பாலும் ஆடியிலும் ஆவணியிலுந்தான். அங்கே பாடசாலை விடுமுறை ஜூலைத் தொடக்கம் முதல் ஓகஸ்ட் முடியும்வரை நீடிக்கிறது. இங்கே அதே வாரங்களில், தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறிய கச்சானாக நம் பக்கம் இறங்கி, கொடியில் போட்ட சேலையை அரை மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. அப்படியொரு பிற்பகலில் பற்றிசும் ரோல்சும் பொரிக்க எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. கல்லடியில் ஒரு தாய், வந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் பழகிய விதத்தில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்கிறார். அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை, நீரிழிவுள்ள தம் தாயாரும் அதே தட்டிலிருந்து உண்ணக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்கிறார். பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் ஒருவர், கட்டிக்கொண்டு போகக்கூடியது எது என்று கேட்கிறார். மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல இயலாது என்பதே இந்த ஒப்பீட்டுக்குக் காரணம்.

பிரான்சில் பிள்ளைகளுக்கு மாலை நான்கு, நான்கரை மணியளவில் கொடுக்கும் சிற்றுண்டிக்குத் தனிப்பெயரே உண்டு. அதன் ஒலிப்பைத் தமிழில் எழுதினால் ‘கூத்தே’ என்றுதான் வரும். அதைக் கேட்டால் நம் ஊரில் வடமோடியா தென்மோடியா என்று கேட்பார்கள். நல்லவேளையாக, அவர்களே அதை ‘நான்கு மணி’ என்றும் சொல்வதுண்டு. ஆகவே நான்கு மணிச் சிற்றுண்டி என்றே எழுதுகிறேன். பிரெஞ்சுச் சிற்றுண்டி என்றவுடன் நினைவுக்கு வரும் குரோசோன், பட்டரை மாவில் மடித்து மடித்துச் செய்யப்படுவது. அது இலேசான உணவும் அன்று, நம் வெயிலுக்கு ஏற்றதும் அன்று. இங்கே எடுத்துக்கொண்ட நான்கும் அடுப்புக்கு அதிகம் வேலை வைக்காத, குளிர்ச்சியாக உண்ணப்படும் வகைகள்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதலாவது, செய்து முடித்த பின் எவ்வளவு நேரம் பழுதடையாமல் இருக்கும் என்பது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான். பிரெஞ்சுச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று எழுதியிருப்பதை நாம் அப்படியே பின்பற்றுவது ஆபத்து. அவர்களுடைய அறையின் வெப்பநிலை வேறு, தகரமோ அஸ்பெஸ்டசோ போட்ட நம் குசினியின் வெப்பநிலை வேறு. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பழுதடையக்கூடிய உணவைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பதும், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறையும் என்பதும் அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்லும் விதி. கச்சான் காலத்தில் நமக்கு எப்போதும் அந்த 1 மணி நேரந்தான்.

இரண்டாவது, சீனியும் உப்பும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையும், சேர்த்த சீனியைப் பொறுத்தவரை ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிற்பதே மேல் என்பதையும் பரிந்துரைக்கிறது. மூன்றாவது, சந்தையில் கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்ய முடியுமா, அல்லது கொழும்பிலிருந்து போத்தல் வாங்குவிக்க வேண்டுமா என்பது. நான்காவது, மின்சாரம் நின்றுபோனால் என்னவாகும் என்பது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சையாக உண்ணும் எதையும் கழுவும் தண்ணீரின் சுத்தத்தை அளவுகோலாகக் கருதாமல் கட்டாய நிபந்தனையாகவே கொள்கிறேன்: ஓடும் நீரில் கழுவி, கொதித்தாறிய நீரில் இன்னொரு முறை அலசாத காய்கறி தட்டுக்கு வரக்கூடாது.

## வடித்த தயிரும் பச்சைக் காய்கறியும்

பிரான்சின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அந்த நெசவாளர்களைக் ‘கனு’ என்று அழைத்தார்கள். 1831 இலும் 1834 இலும் அவர்கள் செய்த கிளர்ச்சிகள் வரலாற்றில் இடம்பெற்றவை. அந்நகரத்தின் பெயர்பெற்ற உணவொன்றுக்குக் ‘கனுவின் மூளை’ என்று பெயர். பயப்பட வேண்டியதில்லை, அதில் மூளையும் இல்லை, இறைச்சியும் இல்லை. வடித்த மென்மையான புதுப் பாற்கட்டியில் பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டுத்தாள் போன்ற தழைகள், உப்பு, மிளகு, சிறிது வினாகிரி, ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கலப்பது, அவ்வளவுதான். அதைத் தொட்டு உண்ணப் பச்சைக் காய்கறித் துண்டுகளையும் வைத்தால் நம் சிற்றுண்டித் தட்டு ஆயத்தம்.

நம்மிடம் அந்தப் பாற்கட்டி இல்லை. ஆனால் அதைவிட நல்லது என்று நான் துணிந்து சொல்லும் எருமைத் தயிர் இருக்கிறது. மண்சட்டி நீரைச் சிறிது உறிஞ்சிக்கொள்வதால் சட்டித் தயிர் ஏற்கனவே பாதி வடிந்த நிலையில்தான் வீட்டுக்கு வருகிறது. சுத்தமான பருத்தித் துணியை வடிதட்டில் விரித்து, தயிரை அகப்பையால் கட்டிகட்டியாக எடுத்துப் போட்டு, துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, அடியில் ஒரு கிண்ணம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். முதலில் துளிகள் வேகமாக விழும். அரை மணி நேரத்துக்குப் பின் நின்று நின்று விழும். மூன்று நான்கு மணி நேரத்தில் கிண்ணத்தில் இளம்பச்சை கலந்த மஞ்சளாய்த் தெளிநீர் நிற்கும், துணிக்குள் கரண்டி நட்டால் சாயாத தயிர் இருக்கும். ஒரு வருடம் இடம் போதவில்லை என்று அந்த முடிச்சைக் குசினி யன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே கச்சான். மாலையில் அவிழ்த்தபோது வெளிப்புறம் தோல் போல் காய்ந்தும், உள்ளே மூக்கைச் சுளிக்க வைக்கும் புளிப்போடும் இருந்தது. முடிச்சின் நுனிவரை எறும்புச் சாரை வேறு. யன்னலில் கட்டுவது கச்சானுக்கு ஆகாத வேலை.

அரை லீற்றர் வடித்த தயிருக்கு ஆறேழு சின்ன வெங்காயம், ஒரு பிடி வெங்காயத்தாள், அரைத் தேக்கரண்டி உப்பு, இடித்த மிளகு, ஒரு தேக்கரண்டி வினாகிரி ஆகியன போதும். பிரெஞ்சுக்காரர் தேடி வாங்கும் ‘எஷலோட்’ நம் சின்ன வெங்காயத்தின் இனந்தான். அந்த வகையில் நாம் எதையும் இழக்கவில்லை. எண்ணெயில்தான் சிக்கல். ஒலிவ் எண்ணெய் இறக்குமதிப் பொருள், விலையும் அப்படியே. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்: அது ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையதாதலால், குளிரூட்டிய தயிரில் மெழுகுத்துகள் போலத் திரண்டு நாக்கில் ஒட்டும். நல்லெண்ணெய் உறையாது; மணம் தூக்கலாக இருப்பதால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெயே இல்லாமலும் செய்யலாம், எருமைத் தயிரின் கொழுப்பே அதற்குப் போதுமானது.

தட்டில் வெள்ளரிக்காய், கரட், முள்ளங்கி, கறிமிளகாய் ஆகியவற்றை விரலளவு நீளத்தில் அரிந்து வைக்கலாம். போஞ்சியை மட்டும் பச்சையாக வைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரரும் அதை அவித்துக் குளிர்நீரில் போட்டே தட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே இரண்டு. ஒரு சட்டித் தயிர் வடிந்த பின் ஏறக்குறைய அரைவாசியாகிவிடுவதால் உண்மையான விலை இரட்டிப்பு. தெளிநீரை வீசாமல் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் குடித்தால் அந்த நட்டத்தில் ஒரு பங்கு திரும்பும். மற்றது கொழுப்பு: எருமைப்பாலில் கொழுப்பு 7 முதல் 8 சதவீதம், பசுப்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வடித்த பின் இன்னும் செறிவு. இதய நோயுள்ளவருக்கு இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துவதே முறை. சேர்த்த சீனி என்று பார்த்தால் இதில் எதுவும் இல்லை.

## குளிர்ந்த வெள்ளரிக்காய் சூப்

பிரெஞ்சுக் குளிர் சூப்புகளில் உலகப் புகழ் பெற்றது விஷிசுவாஸ். அதை 1917 ஆம் ஆண்டு லூயி டியா என்ற பிரெஞ்சுச் சமையற்காரர் நியூயோர்க் விடுதியொன்றில் அறிமுகப்படுத்தினார். அது உருளைக்கிழங்கும் லீக்ஸும் அவித்து, கிறீம் சேர்த்துக் குளிரவைப்பது. கிறீமும் வேண்டும், அடுப்பும் வேண்டும். எனவே அதை விட்டுவிட்டு, பிரெஞ்சு வீடுகளில் கோடையில் செய்யும் எளிய வெள்ளரிக்காய் சூப்பை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பெரிய வெள்ளரிக்காயைத் தோல் சீவி, விதை நீக்கி, ஒரு கோப்பைத் தயிர், சில புதினா இலை, பாதிப் பூண்டுப் பல், அரைத் தேக்கரண்டி உப்பு, தேசிப்புளி ஆகியவற்றோடு பிளெண்டரில் அடித்து, ஒரு மணி நேரம் குளிரவைத்தால் நான்கு பேருக்கு ஆகும்.

இது நம் வெள்ளரிக்காய்ப் பச்சடியைக் கரைத்துக் குடிப்பதுதானே என்று கேட்டால், ஆம், ஏறக்குறைய அதுதான். பூண்டு தூக்கலாக இல்லாமையும், தாளிதம் இல்லாமையும், இழைந்த பதமுமே வேறுபாடு. ஆனால் மெல்ல முடியாத முதியவர்களுக்கு இதைப்போல வேறில்லை. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருப்பதால், தாகம் எடுப்பதைச் சொல்லாத வயதானவர்களின் உடலுக்குள் நீரைச் சேர்க்க இது ஒரு வழி. பசியை மட்டும் ஆற்றாது. ஓடியாடும் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் திரும்பவும் குசினிக்கு வந்துவிடுவார்கள். சில வெள்ளரிக்காய்கள் காம்புப் பக்கம் கசக்கும். ஒவ்வொன்றையும் நுனியில் அரிந்து சுவைத்துப் பார்க்காமல் அடித்தால் முழுச் சூப்பும் வீண்.

## ஊறிய பாண்

தெற்குப் பிரான்சின் நீஸ் நகரத்துக் கடற்கரை உணவு ‘பான் பான்யா’. அவ்வூர்ப் பேச்சில் அதற்கு நனைந்த பாண் என்று பொருள். காய்ந்த பாணை வீணாக்காமல் நனைத்து உண்ட ஏழைகளின் உணவாகத் தொடங்கியது அது. அங்கே ‘பான்’, இங்கே ‘பாண்’: நமக்குப் போர்த்துக்கேயர் வழியாகவும் நீஸ் நகரத்தாருக்கு நேராகவும், ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வட்டப் பாணை இரண்டாகப் பிளந்து, தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, அவித்த முட்டை, சூரை இன மீன் அல்லது உப்பிட்ட நெத்தலி, கறுப்பு ஒலிவ் காய் ஆகியவற்றை அடுக்கி, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, மூடி, பாரம் வைத்து ஊறவிடுவார்கள். மயோனீஸ் சேர்த்தால் அவ்வூரார் அதைப் பான் பான்யா என்றே ஒப்புக்கொள்வதில்லை. நம் வெயிலுக்கு அந்தப் பிடிவாதம் மிக நல்லது.

நம் பேக்கரிகளில் இதற்கு உகந்தது பணிஸ் அன்று, அது இனிப்பு. மேல்தோல் முறுகிய ரோஸ்ட் பாண் நன்றாகப் பொருந்தும். தக்காளிச் சாற்றையும் வினாகிரியையும் உறிஞ்சியும் குழையாது. ஒலிவ் காய் இல்லாவிட்டால் எலுமிச்சை ஊறுகாயின் தோலைக் கழுவிப் பொடியாக அரிந்து போடுங்கள். உப்பும் கசப்பும் கலந்த அந்தச் சுவை வேறு எதிலும் அகப்படாது.

மீனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சூரை, கெளவல்லை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். பிறகு எவ்வளவு அவித்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பில் தடிப்பு எழும்பும் அந்த நஞ்சேற்றத்தைப் பலர் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஆகவே விடியற்காலையில் வாங்கி உடனே அவித்துக் குளிரூட்டிய மீன், இல்லையேல் ரின் மீன். ரின் மீனில் நீரை முழுதும் வடித்துவிட்டால் உப்பும் ஓரளவு குறையும்.

கட்டிக்கொண்டு போகக்கூடியது இது ஒன்றே. ஆனால் மேலே சொன்ன 1 மணி நேர விதி இதற்கும் உண்டு. மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா ஏறக்குறைய 35 கிலோமீற்றர். போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கடலில் இறங்கி ஏறுவதற்குள் அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும். ஐஸ் போட்ட பெட்டி இல்லாமல் மீனும் முட்டையும் வைத்த பாணைக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பெட்டி இல்லாதவர்கள் தக்காளி, வெங்காயம், வெள்ளரிக்காய், கச்சான் மட்டும் வைத்துக் கட்டலாம். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் நமக்கு இதில் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.) நீரிழிவுள்ளவருக்கு வெள்ளைப் பாணே இதன் குறை, குரக்கன் பாணிலோ ஆட்டா மாப் பாணிலோ மெல்லிய துண்டொன்று என்றால் பிழையில்லை.

## வத்தகப்பழக் கிரானிட்டே

பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு வைத்தால் இதுதான் வெல்லும். வத்தகப்பழச் சதை ஒரு கிலோவை விதை நீக்கி அடித்து, தேசிப்புளியும் சீனியும் கரைத்து, அகன்ற தட்டில் ஊற்றி உறையவைத்து, அரை மணிக்கொரு தடவை முள்ளுக்கரண்டியால் சுரண்டினால், நான்கு மணி நேரத்தில் சிவந்த பளிங்குத்தூள் போல வரும்.

சீனி இங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. அது நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால்தான் தூள் தூளாக நிற்கிறது. சீனியே போடாவிட்டால் பாறை. வழக்கமான செய்முறைப்படி 150 கிராம் போட்டு ஆறு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 25 கிராம், அதாவது ஒரு நாளைய பங்கு முழுதும் ஒரு கிண்ணத்தில் போய்விடும். 60 கிராமாகக் குறைத்தால் ஒருவருக்கு 10 கிராம். தூள் சற்றுக் கரடாக இருக்கும், சுரண்டவும் அடிக்கடி வேண்டும், ஆனால் உண்ணலாம். நீரிழிவுள்ளவருக்கு இதைக் கொடுப்பதைவிட அதே பழத்தில் ஒரு சிறு துண்டை அரிந்து கொடுப்பது மேல்.

மின்சாரம் இடையில் நின்றால் உருகி, திரும்ப வரும்போது ஒரே கட்டியாக உறையும். பெட்டியை எட்டுத் தடவை திறந்து மூடுவதால் உள்ளேயிருக்கும் மற்ற உணவும் சூடேறும். நேரத்தை மிச்சப்படுத்த வெளியே ஐஸ் வாங்கி இடித்துச் சாறு ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மீனுக்கு அடிக்கும் ஐஸ் வாயில் வைப்பதற்கு உரியதன்று.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தயிரும் காய்கறியும் | வெள்ளரிக்காய் சூப் | ஊறிய பாண் | கிரானிட்டே |
|---|---|---|---|---|
| அடுப்பு | போஞ்சிக்கு மட்டும் | வேண்டாம் | மீன், முட்டை அவிக்க | வேண்டாம் |
| முன்கூட்டிய நேரம் | 4 மணி | 1 மணி | 2 மணி | 4 மணி, அருகில் நிற்க வேண்டும் |
| வெளியே வைக்கும் நேரம் | 1 மணிக்குள் | 1 மணிக்குள் | 1 மணிக்குள். ஐஸ் பெட்டியில் கூடுதல் | சில நிமிடம் |
| சேர்த்த சீனி | இல்லை | இல்லை | இல்லை | ஒருவருக்கு 10 முதல் 25 கிராம் |
| மறைந்த செலவு | தயிர் அரைவாசியாகும் | கசப்புக் காய் | ஐஸ் பெட்டி | மின்சாரம் |
| பசி ஆறுமா | ஓரளவு | ஆறாது | நன்றாக ஆறும் | ஆறாது |

அக்கரைப்பற்று ஆசிரியைக்கு என் விடை தயக்கமில்லாமல் வடித்த தயிர்த் தட்டு; தாயாருக்குப் பற்கள் இடம் கொடாவிட்டால் அதே தயிரில் ஒரு பங்கை எடுத்துச் சூப்பாக்கலாம், இரண்டு வேலை ஆகாது. பாசிக்குடாவுக்குப் போகிறவர் ஐஸ் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு ஊறிய பாணைக் கட்டட்டும். கல்லடித் தாய்க்கு, முதல் நாள் கிரானிட்டே செய்து பேரப்பிள்ளைகளின் மனத்தைப் பிடித்துவிட்டு, மறுநாளிலிருந்து தயிர்த் தட்டுக்கு மாறும்படி சொல்வேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்து அனைவரும் வெயிலில் வாடியிருக்கும் பிற்பகலுக்கு மட்டும் சூப்பே. அன்று விரதம் பிடித்தவர் பூண்டைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

## குடிக்க

எதைத் தெரிந்தெடுத்தாலும் பக்கத்தில் தேசிக்காய்த் தண்ணீர் வைப்பார்கள். அதைப் பிரெஞ்சு உணவகங்களின் வழக்கப்படி வையுங்கள்: பிழிந்த சாறு ஒரு கிளாசில், குளிர்நீர் ஒரு கூசாவில், சீனி தனிக் கிண்ணத்தில். அவரவர் கலந்துகொள்வார்கள், நீரிழிவுள்ளவர் தனக்கென்று வேறாகக் கேட்க வேண்டியதில்லை. சீனிக் கிண்ணத்தில் மேசைக்கரண்டியைப் போடாமல் தேக்கரண்டியைப் போடுங்கள். மட்டமாக எடுத்தால் அதில் ஏறக்குறைய 4 கிராம் நிற்கும், பிள்ளைகளுக்கும் எண்ணத் தெரியும்.